வெள்ளிப் பூண் போட்ட முள்

"நாயை எல்லாம் பஸ்ல ஏத்த முடியாதும்மா. எறங்குங்க."

"நாயா? எங்கங்க இருக்கு நாய்? இது மூட்டை."

"மூட்டை உறுமுது."

"உங்க மூஞ்சியப் பாத்தா எந்த மூட்டையும் உறுமத்தான் செய்யும்!"

பஸ்ஸில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். கண்டக்டர் ஞானவேலுக்குக் காது மடல் சிவந்தது. அறுபத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மாசம் அது. பூம்பாறை லைனுக்கு அவன் வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. கீழே பழனிப் பக்கம் ஆயக்குடிக்காரன். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல், காக்கிச் சட்டைக்கு மேலே கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே டிக்கெட் கிழிப்பவன். அவனைப் பார்த்து ஒரு பெண் பஸ்ஸே சிரிக்கும்படி பேசிவிட்டாள்...

அந்தப் பெண் லீலா. பூம்பாறையில் கிழங்கும் பூண்டும் போடுகிற நாச்சிமுத்துவின் ஒரே மகள். எட்டாவது வரை கொடைக்கானலில் படித்தவள். அந்தப் படிப்பெல்லாம் இப்போது வாய்க்கு வந்திருந்தது. உருளைக்கிழங்குச் சாக்கு ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் நின்றாள்.

ஞானவேல் குனிந்து சாக்கின் வாயை விலக்கிப் பார்த்தான். பார்த்தவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். உள்ளே இருந்து கறுப்பும் வெள்ளையுமாக முட்கள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னங்க இது?"

"முள்ளம்பன்றிங்க."

"முள்ளம்பன்றியவா சாக்குல கட்டிக் கொண்டாந்தீங்க?"

"ஐயோ... இது நாய்ங்க. முள்ளம்பன்றிகிட்டப் போயி வாயக் குடுத்துட்டு வந்துருக்கு."

"இப்பத்தான் மூட்டைன்னீங்க?"

லீலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அகப்பட்டுக்கொண்ட கோபத்தில் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

பெரிய கண்கள். மை தீட்டியிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும். ஆனால் வெள்ளனே எழுந்து கிழங்குக் காட்டில் நாயோடு மல்லுக்கட்டிவிட்டு ஓடி வந்தவளுக்கு மைக்கு ஏது நேரம்? கோபமும் அழுகையும் அந்தக் கண்களில் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. இமையில் மழைத்துளி ஒன்று விழட்டுமா வேண்டாமா என்று நின்றது... ஞானவேல் பார்த்தான். ஒரு கண்டக்டர் அவ்வளவு நேரம் பார்க்கக் கூடாதுதான். பார்த்துவிட்டான்.

"ஏலே ஞானவேலு!" டிரைவர் ஜாபர் அலி முன்னாலிருந்து குரல் கொடுத்தார். "மணி அடிக்கிறியா, இல்ல நான் எறங்கி ஒரு டீ குடிச்சுட்டு வரட்டுமா?"

"அண்ணே, இந்தம்மா நாயோட..."

"நாய் டிக்கெட் எடுக்கலைன்னா அந்தப் புள்ளைய ரெண்டு எடுக்கச் சொல்லு. மழை வலுக்குது, வெரசா அடி!"

மணி அடித்தது. லீலா கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். சாக்குக்குள் நாய் முனகியது. அதன் பேர் மைனர். பேருக்கு ஏற்றாற்போல ஊர் மேய்வதும் வம்பை விலைக்கு வாங்குவதும்தான் அதற்குச் சோலி. கிழங்கைத் தோண்டித் தின்ன முள்ளம்பன்றி வருகிறது என்று காவலுக்கு வளர்த்தார் நாச்சிமுத்து. மற்ற நாய்கள் தூர நின்று குரைத்துவிட்டு, சம்பளம் வாங்கியதுபோல் படுத்துக்கொள்ளும். மைனருக்கு அது போதாது. கிட்டப் போய், அந்த ஆசாமியை முகர்ந்து பார்த்தே ஆகவேண்டும்.

கொடைக்கானல் மாட்டாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றுதான் லீலா நினைத்திருந்தாள். பைன் காட்டு வளைவில் பஸ் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே பெரிய மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது.

"கூலியாளுக வந்து வெட்டுனாத்தான். எல்லாரும் உக்காந்து பாட்டுப் பாடுங்க," என்று சொல்லிவிட்டு ஜாபர் அலி பீடி பற்றவைத்தார்.

லீலாவுக்குத் தாங்கவில்லை. சாக்கைத் திறந்து பார்த்தாள். மைனரின் உதட்டிலும் மோவாயிலும் முட்கள். ஒன்று கண்ணுக்கு வெகு பக்கத்தில். காலால் பிறாண்டிப் பிறாண்டி அதை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

"ஏலே, சும்மா கெடயேன்டா சனியனே... கண்ணு போயிரும்டா..." குரல் உடைந்தது.

ஒரு நிழல் விழுந்தது. ஞானவேல் நின்றான். கையில் பஸ் சாமான் பெட்டியிலிருந்து எடுத்த குறடு.

"புடிச்சுக்கிறீங்களா?"

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது. ஆனா டயர்ல ஏறுன ஆணிய எத்தனையோ தடவை புடுங்கியிருக்கேன்."

"எங்க மைனரு டயர் இல்லைங்க!"

"அது தெரியுது. டயர் இந்த மாதிரி மொறைக்காது." அவன் குந்தி உட்கார்ந்தான். "நீங்க தலையைப் புடிங்க. அண்ணே, நீங்க பின்னங்காலைப் புடிங்கண்ணே."

"நான் எதுக்குடா? எனக்கும் நாய்க்கும் என்னடா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜாபர் அலி பீடியை எறிந்துவிட்டு வந்து பிடித்தார்.

வெளியே மழை அடித்துக் கொட்டியது. கண்ணாடியெல்லாம் மூச்சுப்பட்டு மங்கிப் போயிற்று. கண்ணோரத்து முள்தான் முதலில். ஞானவேல் தோலை ஒட்டிக் குறடால் பிடித்தான். ஒடிந்தால் உள்ளேயே தங்கிவிடும் என்று லீலா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நேராக, ஒரே இழுப்பு... வந்துவிட்டது. கண் தப்பியது. நன்றிக்கடனாக மைனர் அவன் கட்டைவிரலைக் கடித்து வைத்தது.

"ஆ!"

"கடிச்சுருச்சா? ஐயோ... ரத்தம்ங்க!"

"இருக்கட்டும். அதுக்கு வலிக்குதில்ல..." என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த முள்ளுக்குப் போய்விட்டான்.

லீலா அவனைப் பார்த்தாள். மூக்கு சிவந்து, மப்ளர் அவிழ்ந்து, விரலில் ரத்தம் சொட்ட, ஒரு நாய்க்குச் சமமாகக் கீழே உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷனையா மூஞ்சியைப் பற்றிப் பேசினோம்? அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததே என்று எரிச்சலாகவும் இருந்தது.

எல்லா முள்ளையும் எடுத்த பிறகு அவள் பொறுக்கிச் சேர்த்து, ஜன்னல் வழியாகப் பள்ளத்தில் எறிந்தாள்.

"ஏங்க எறியிறீங்க? எவ்வளவு அழகா இருக்கு."

"பின்ன என்ன, வீட்டுக்குள்ள கொண்டு போயி வைக்கவா முடியும்?"

குப்பை சேரும் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் ஞானவேல். அவள் திரும்பிய நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் பென்சிலோடு செருகிக்கொண்டான். எதற்கு? அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது.

*

அத்தோடு மைனருக்குப் புத்தி வந்திருக்கும் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு நாய்களைத் தெரியாது. காயம் ஆறியதும் மறுபடி போனது. மறுபடி முள். மறுபடி சாக்கு, மறுபடி பஸ்.

"வாங்க. மூட்டை சௌக்கியமா?" என்றான் ஞானவேல்.

"சிரிக்காதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"அந்த முள்ளம்பன்றிக்கும் இதுக்கும் அப்படி என்ன பகை?"

"பகையா இருந்தாத்தான் பயந்து ஒதுங்கியிருக்குமே! வெளையாட வந்துருக்காகன்னு இது நெனச்சுக்கிட்டு இருக்கு."

"சில பேரு அப்படித்தான்... குத்துவாங்கன்னு தெரிஞ்சும் கிட்டப் போவாங்க."

லீலா நிமிர்ந்தாள். அவன் டிக்கெட் கட்டைப் பார்த்துக்கொண்டு மும்முரமாக ஏதோ எண்ணினான். எண்ண அங்கே ஒன்றுமில்லை.

மூன்றாவது முறை மைனர் முள்ளோடு வந்தபோது ஊர் சிரித்தது. நாய் தானாகப் போகிறதா, இல்லை லீலாதான் வெள்ளனே அவிழ்த்துவிட்டு முள்ளம்பன்றி இருக்கிற பக்கம் காட்டுகிறாளா என்று குழாயடியில் பேச்சு. லீலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. 'நான் எதுக்குடா அவிழ்த்து விடப்போறேன்? உன்னக் கட்டிப் போட்டா கயித்தை அறுக்குறே, கதவைச் சாத்துனா பரண் வழியாக் குதிக்குறே. உன்னால என் மானம் போகுது...' என்று மைனரைத் திட்டினாள். ஆனால் அன்றைக்கு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தலையில் டிசம்பர் பூ வைத்துக்கொண்டாள். அதை மட்டும் அவள் யாருக்கும் விளக்கவில்லை.

பூவை அவன் பார்த்தான். இறங்குகிற நேரத்தில், குரலை இறக்கிச் சொன்னான்.

"லீலா... எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரலாமா?"

மழை நின்று, மரங்களில் இருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. என்னென்னவோ சொல்ல வந்தது... வாயிலிருந்து வந்ததோ இதுதான்:

"வந்தா காப்பி குடுப்போம்."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். போதுமா? போதும் என்று நினைத்தான் அந்த அப்பாவி.

*

விசாரித்துப் பார்த்ததில் முறை ஒத்து வந்தது. நாச்சிமுத்துவுக்கு அரை மனசு. அதே மலையில் போளூரில் கிழங்குக் காடு நிறைய வைத்திருக்கிற சேனாதிபதிக்குப் பெண்ணைக் கொடுக்கலாம் என்று அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. ஆனாலும் லீலாவின் அம்மா கந்தம்மாள் சொன்னதற்காக, "வரட்டும், பாப்போம்," என்றார்.

கார்த்திகையில் ஒரு நல்ல நாள். ஞானவேலின் அம்மா ஆயக்குடியிலிருந்து வந்தாள். புருஷன் போன பிறகு கொய்யாத் தோப்பை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். முதல் தடவையாக மலை ஏறி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, ஆனாலும் தட்டைக் கீழே வைக்காமல் மடியிலேயே கொண்டுவந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள், தோப்பிலிருந்து பொறுக்கி எடுத்த கொய்யாப்பழம். எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றிய ஒரு சாமான்.

"எங்க வீட்டு வழக்கம்ங்க," என்று அவள் பூரிப்போடு துணியைப் பிரித்தாள். "கல்யாணத்தன்னிக்கு மருமகளுக்கு மாமியா இதாலதான் வகிடு எடுக்கணும். அதான் மொதல் சீதனமா கொண்டாந்தேன்."

உள்ளே இருந்தது முள்ளம்பன்றி முள். ஞானவேல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போன அதே முள். அடிப்பக்கம் வெள்ளிப் பூண் போட்டு, பழனித் தட்டானிடம் கொடுத்துப் பூவேலை செய்து கொண்டுவந்திருந்தாள். மைனரின் கண்ணோரத்து முள்ளோ மோவாய் முள்ளோ... அதற்கு வந்த யோகத்தைப் பாருங்கள்!

கந்தம்மாள் கையிலிருந்த காப்பி டம்ளர் கீழே விழுந்தது.

முள்ளம்பன்றி முள் வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டில் சண்டை ஓயாது. புருஷன் பெண்டாட்டி பிரிவார்கள். பூம்பாறையில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். ஆகாதவன் வீட்டைக் கெடுக்க நினைப்பவன் ராத்திரியில் வந்து கூரையில் செருகிவிட்டுப் போகிற சாமான் அது. காட்டில் கிடந்தால்கூடத் தாண்டித்தான் போவார்கள். அதைத் தாம்பாளத்தில் வைத்து, வெள்ளிப் பூண் போட்டு, நடு வீட்டில் கொண்டுவந்து நீட்டினால்?

"என்ன தைரியம்!" நாச்சிமுத்து எழுந்த வேகத்தில் பலகை சாய்ந்தது. "என் குடும்பத்தப் பிரிக்கவா வந்தீக? எடுங்க! மொதல்ல வெளிய எடுங்க அதை!"

"என்னங்க இது? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல..."

"நல்ல காரியமா? எங்கூர்ல வந்து விசாரிச்சுப் பாருங்க, இது என்ன காரியம்னு!"

"எங்கம்மாவுக்குத் தெரியாதுங்க," ஞானவேல் குறுக்கே வந்தான். "எனக்கும் தெரியாது. கீழ எங்க ஊர்ல இது மங்களச் சாமான்..."

"அப்ப கீழயே பொண்ணு தேடு!"

அந்த அம்மாவின் முகம் சுண்டிப் போனது. பட்டுத் துணியை எடுத்து முள்ளை மறுபடி சுற்றினாள். ஞானவேல் லீலாவைப் பார்த்தான். அவள் கதவோரமாக நின்றாள். ஒரு வார்த்தை... 'அவங்களுக்குத் தெரியாதுப்பா, விடுங்க' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பஸ்ஸே சிரிக்கும்படி பேசியவள்தானே? அன்றைக்கு அந்த வாய் எங்கே போனதோ, திறக்கவில்லை. அப்பாவின் கோபத்துக்கு முன்னால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஞானவேல் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டான். வாசலில் மைனர் வாலாட்டிக்கொண்டு அவன் பின்னால் போனது. லீலா போகவில்லை.

*

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு நாள் தவறாமல் சண்டை. "பாத்தியா, ஒரு நிமிசம் உள்ள வந்துட்டுப் போனதுக்கே இந்தக் கதி!" என்றார் நாச்சிமுத்து. "முள்ளா சண்டை போடுது? நீங்கதான் போடுறீக!" என்றாள் கந்தம்மாள். "உள்ள வந்ததும் சாடிப் பேசாம ஒரு வார்த்தை என்னன்னு கேட்டிருக்கலாம்ல?" அதற்கும் ஒரு சண்டை.

லீலா ஒரு நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போனாள். மைனர் கூட இல்லை, சாக்கும் இல்லை. அவளுக்கே அது வெறுமையாக இருந்தது.

"உங்ககிட்டப் பேசணும்..."

"எங்க போகணும்? கொடைக்கானலா?" என்றான் ஞானவேல், டிக்கெட் கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் பயணத்துக்கு வரல."

"அப்ப வழிய விடுங்க, மத்தவங்க ஏறணும்." பிறகு அடங்கிய குரலில் சொன்னான். "என்னை என்ன சொன்னாலும் தாங்குவேன். எங்கம்மா ரோடு பூரா அழுதுக்கிட்டே வந்தாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க அழுதிருக்க மாட்டாங்க. என்னைப் புடிக்கலைன்னா அன்னிக்கு காப்பின்னு எதுக்குச் சொன்னீங்க?"

புடிக்கலைன்னு யாரு சொன்னா... என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டான். அவனுக்கும் ரோஷம். ரோஷத்தில் இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை. நடுவில் நாம்தான் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

போகிற போக்கில் ஜாபர் அலி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னார். "இந்தா புள்ள, அவன் பழனி லைனுக்கு மாத்தல் கேட்டிருக்கான். அடுத்த வாரத்தோட சரி. ஏதாவது பேசுறதா இருந்தா வெரசாப் பேசு. எனக்குப் புதுசா ஒரு கண்டக்டரைப் பழக்கத் தெம்பில்ல!"

அதே வாரம் நாச்சிமுத்துவும் சொல்லிவிட்டார், தை பிறந்ததும் போளூருக்கு ஆள் அனுப்பிப் பேசி முடிப்பது என்று. லீலா சோறு உண்ணவில்லை. மைனர் மட்டும் இரண்டு பேர் சாப்பாட்டையும் உண்டுவிட்டு, காட்டைப் பார்த்துக் காதை நிமிர்த்திக்கொண்டது.

*

பொழுது விடிந்துகொண்டிருந்தது. கீழ் அடுக்குப் பாத்தியில் மைனர் தொண்டை கிழியக் குரைத்தது. "இன்னிக்கு அந்தப் பன்னிய ஒரு வழி பண்ணிர்றேன்," என்று மண்வெட்டியோடு இறங்கினார் நாச்சிமுத்து. மண்ணுக்குள் தோண்டிய தன் வங்குக்குள் நுழையப் போன முள்ளம்பன்றி, முன்னால் நாயையும் பின்னால் மனுஷனையும் பார்த்தது. அது ஓடவில்லை. முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு ஒரே தாவலில் பின்பக்கமாகவே பாய்ந்து வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வீட்டு வாசலுக்கு இரண்டு பேர் நொண்டிக்கொண்டு வந்தார்கள். மைனருக்கு மோவாயில் முள். நாச்சிமுத்துவுக்கு ஆடுசதையில்.

"கந்தம்மா... ஏ, கந்தம்மா! ஒரு கை குடு..."

கந்தம்மாள் ஓடி வந்தாள். காலைப் பார்த்தாள். நிலைப்படியிலேயே இரண்டு கையையும் நீட்டி மறித்துக்கொண்டாள்.

"அங்கயே நில்லுங்க! உள்ள வராதீக!"

"ஏன்டி?"

"முள்ளு! முள்ளோட உள்ள வருவீகளோ? ஏற்கெனவே இந்த வீட்டுல சண்டை பத்தலையா?"

"அடிப் பாவி, காலுல குத்திக்கிட்டு இருக்குடி!"

"எங்க குத்துனா என்ன? நீங்க சொன்ன சட்டம்தான்! வெளியவே புடுங்கிப் போட்டுட்டு வாங்க."

தொட்டுப் பார்த்தார். தொட்டதற்கே உயிர் போனது. ஆழமாக இறங்கியிருந்தது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மழை தூற ஆரம்பித்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர், சொந்த வீட்டு வாசலில், தோளில் கிடந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்துகொண்டு நின்றார்.

லீலா பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. இப்படித்தானே அன்றைக்கு அந்த அம்மாவையும் வெளியே அனுப்பினோம்... மலை ஏறத் தெரியாமல் ஏறி வந்தவளை, ஆசையாகக் கொண்டுவந்த சாமானோடு! அப்பாவைக் கேட்க ஆளில்லை என்று நினைத்தோமே, நான் ஒருத்தி இருந்தேனே... அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. ஒரு கையில் சாக்கு, ஒரு கையில் அப்பா. விறுவிறுவென்று பஸ்ஸுக்கு நடந்தாள்.

"அந்தப் பய பஸ்ஸுலயா? நான் வரமாட்டேன்!"

"அப்ப நடந்தே கொடைக்கானல் போங்க!"

நாச்சிமுத்து நடக்கவில்லை. ஏறினார்.

ஞானவேல் மூன்று பேரையும் பார்த்தான். நீள சீட்டைக் காலி பண்ணி, அவர் காலை நீட்டி வைத்து, அசையாமல் இருக்கத் தன் மப்ளரைச் சுருட்டி அடியில் கொடுத்தான். அப்புறம் குறடை எடுத்துக்கொண்டு மைனர் பக்கத்தில் உட்கார்ந்தான். நாச்சிமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலுல இருக்கறதை டாக்டர்தான் எடுக்கணும். ஆழமா இருக்கு," என்றான். அவ்வளவுதான் பேச்சு. நாளையோடு அவனுக்கு இந்த லைன் கிடையாது. லீலாவுக்கு அது தெரியும்.

மைனர் மோவாயிலிருந்து கடைசி முள்ளும் வந்துவிட்டது. அவன் எழுந்துவிட்டான். இனி முன்னால் போய்விடுவான். கொடைக்கானல் வந்துவிடும். எல்லாம் முடிந்துவிடும்...

"கொஞ்சம் நில்லுங்க!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. லீலாவின் குரல் அப்படி இருந்தது.

"அன்னிக்கு நான் பேசியிருக்கணும். பேசாம மரம் மாதிரி நின்னேன். உங்கம்மா அழுததுக்கு நான்தான் காரணம். இந்த வாரமே ஆயக்குடிக்கு வந்து அவங்க கையைப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"லீலா!" என்றார் நாச்சிமுத்து.

"நீங்களும் வரணும்ப்பா. நீங்கதான் வையவும் செஞ்சீக."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் போவேன்? போனா அந்தம்மா மறுபடி அந்த முள்ளைத் தட்டுல வச்சு நீட்டும். உயிரே போனாலும் அது என் வீட்டுக்குள்ள வரக் கூடாது!"

"அது எதுக்குப்பா உங்க வீட்டுக்கு வருது?" லீலாவுக்குப் பொறுமை போய்விட்டது. வெட்கம், பயம் எல்லாமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. "அது அவங்க வீட்டுலயே இருக்கட்டும். அங்க அது நல்ல சாமான்தான? நான்தான அங்க போகப் போறேன்!"

ஜாபர் அலி வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டார். சரியாகக் கேட்கவில்லையாம்.

அவ்வளவு நாள் வீட்டில் நடந்த சண்டைக்கெல்லாம் இப்படி ஒரே வரியில் பதில் இருக்கும் என்று நாச்சிமுத்து நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். சோறு உண்ணாமல் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அதை அவர் இத்தனை நாள் கவனிக்கவில்லை.

"போளூருக்கு நான் இன்னும் வாக்குக் குடுக்கல..." என்றார், கூரையிடம் சொல்வதுபோல.

லீலா ஞானவேலைப் பார்த்தாள். அவன் குறடைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"என்ன பாக்குறீங்க? புடிச்சிருக்குங்க. உங்களை எனக்குப் புடிச்சிருக்கு. எப்ப இருந்துன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. நாயால எனக்கு நிம்மதி போச்சு, உங்களால தூக்கம் போச்சு. இன்னும் என்ன சொல்லணும்?"

அவன் குறடைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். நாச்சிமுத்துவால் தாங்க முடியவில்லை.

"ஏம்ப்பா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? எம்மக இத்தன பேருக்கு முன்னால கேட்டுக்கிட்டு நிக்கிது. எனக்கு வேற கால் கடுக்குது. பதிலச் சொல்லித் தொலை!"

ஞானவேல் அவளுக்கு எதிரே வந்து நின்றான். ஜன்னலில் மழை வழிந்தது. அந்தப் பெரிய கண்களில் இன்றைக்கும் கோபம்தான். ஆனால் கோபத்துக்கு அடியில் அவள் நடுங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"மாத்தல் வேண்டாம்னு இன்னிக்கே ஆபீஸ்ல சொல்லிர்றேன்," என்றான். "லீலா... நீங்க ஏறாத நாளெல்லாம், நிக்க எடமில்லாம கூட்டம் இருந்தாலும், எனக்கு இந்த பஸ் காலியாத்தான் ஓடுச்சு."